இரவுக் கபடியும் காமிராவும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சத்தியவேட்டுப் பக்கத்து மண் தரையில் நண்பகலில் வெறுங்காலுடன் நிற்க இயலாது. வயல் வேலையும் கூலி வேலையும் முடிந்து ஆடவர் வீடு திரும்புங்கால் பொழுதும் சாய்ந்துவிடுகிறது. ஊர்ப்புறக் கபடிப் போட்டிகள் பலவும் இரவை நாடுவதற்கு இவையே காரணம். 1960 ஏப்ரல் 1 ஆம் நாள் எல்லைத் திருத்தத்தின்போது செங்கற்பட்டு மாவட்டத்தினின்றும் சித்தூர் மாவட்டத்திற்கு மாறி, 2022 முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ள இவ்வெல்லைப்புறத்தில், ஆட்டத்தைச் சடுகுடு என்பாரும் உளர். செடுகுடு என்பாரும் உளர். எப்பெயரால் அழைப்பினும், கம்பங்களில் கட்டிய விளக்குகளின் கீழ் அதைப் படம் பிடிக்க முயன்றவர் அனைவரும் ஒரே ஏமாற்றத்தைக் கண்டிருப்பர். கண்ணுக்குப் பட்டப்பகல்போல் தோன்றிய களம், படத்தில் இருண்டு கிடக்கும். அன்றி, பாடிச் சென்ற வீரர் கை கால் தெரியாத ஒரு புகைப் படலமாக நிற்பார்.

இது காமிராவின் குற்றமன்று. நம் கண் ஒளியை அளப்பதில்லை, ஒப்பிட்டே அறிகிறது. நண்பகல் வெயிலில் நிலத்தின்மீது விழும் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஊர்க் களத்தில் நாலைந்து கம்பங்களிலிருந்து விழுவது 100 லக்ஸ் அளவு என்று கொள்வோம். ஆயிரத்தில் ஒரு பங்கு! கண்மணி விரிந்தும், விழித்திரை தன் உணர்திறனைக் கூட்டியும், இவ்வேறுபாட்டை மூளைக்குத் தெரியாமல் மறைத்துவிடுகின்றன. காமிராவுக்கு அத்தகைய தயவு கிடையாது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் அதற்கு ஆயிரத்தில் ஒரு பங்குதான்.

இக்குறையை ஈடு செய்ய மூன்று வழிகள் உள்ளன: லென்ஸின் துளையை அகலத் திறப்பது, ஷட்டரை நெடுநேரம் திறந்து வைப்பது, படத்தகட்டின் உணர்திறனை உயர்த்துவது. கணக்கைப் பார்ப்போம். 100 லக்ஸ் ஒளியில் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 என வைத்து, சாதாரண ஜூம் லென்ஸில் கிடைக்கும் எஃப்/5.6 துளையுடன் படம் எடுத்தால், ஷட்டர் ஏறக்குறைய 1/40 வினாடி திறந்திருத்தல் வேண்டும். துளை எஃப்/2.8 ஆயின் 1/160 வினாடி போதும். எஃப்/1.8 ஆயின் 1/400 வினாடி.

வினாடியில் நாற்பதில் ஒரு பங்கு என்பது நமக்குக் கணமாகத் தோன்றலாம். ஆனால் வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பாயும் வீரர் அதற்குள் பன்னிரண்டு செண்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுவார். 1/160 வினாடியில் 3 செண்டிமீட்டர். 1/500 வினாடியில் 1 செண்டிமீட்டர். எதிரியைத் தொட வீசும் கையோ உடலினும் விரைந்து செல்வது. ஆகவே பணம் செலவழிப்பதாயின் அதைக் காமிராவில் அன்று, அகன்ற துளையுள்ள லென்ஸில் செலவழிப்பதே அறிவுடைமை. 50 அல்லது 85 மில்லிமீட்டர் குவியத்தூரமுள்ள நிலைக்குவிய லென்ஸ்கள், எஃப்/1.8 துளையுடையவை, பெரிய ஜூம் லென்ஸ்களைவிட மிக மலிவு. கபடிக் களமோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமுமே உடையது. கோட்டருகே அமர்ந்தால் தொலைநோக்கு லென்ஸ் தேவைப்படுவதில்லை. ஒரு தொல்லை உண்டு. 35 மில்லிமீட்டர் அளவுத் தகட்டில், 85 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/1.8 இல் திறந்து 8 மீட்டர் தூரத்திலுள்ள வீரரைக் குறிவைத்தால், முன்பின்னாக ஏறத்தாழ 1 மீட்டர் ஆழமே தெளிவாக இருக்கும். பாடுவோர் மீது குவியம் வைத்தபின், சங்கிலியாகக் கைகோத்து வரும் தடுப்பாளர் மங்குவர். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதே.

குறைந்த ஒளியை வெல்ல இயற்பியல் தரும் மற்றொரு சலுகையும் உண்டு. எந்த இயக்கமும் திசை மாறும் கணத்தில் ஓய்கிறது. மேலே துள்ளிய வீரர் உச்சியை அடைவதற்கு முன்பும் பின்பும் 1/10 வினாடி அளவுக்கு 5 செண்டிமீட்டர் உயரமே ஏறி இறங்குகிறார். பாடிச் சென்றவர் இறுதிக்கோடு வரை ஓடி, உடலை முறித்துத் திரும்பும் இடத்திலும் ஒரு நொடிப்பொழுது அசைவற்று நிற்பதைக் காணலாம். ஆட்டம் தெரிந்தவரே இரவில் நல்ல படம் எடுப்பதன் இரகசியம் இதுதான். அவர்தம் விரல் அக்கணத்திற்குச் சற்று முன்னரே அழுத்திவிடுகிறது.

உணர்திறனை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியது போன்ற பொரிவு தோன்றுமே எனப் பலர் அஞ்சுவர். அப்பொரிவின் பெரும்பகுதி கருவியின் குறையன்று, ஒளியின் இயல்பு. ஒளி துகள்களாக, மழைத்துளி போல் ஒழுங்கின்றி வந்து விழுகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 ஒளித்துகள்கள் விழுமிடத்து ஏற்றத்தாழ்வு 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழுந்தால் ஏற்றத்தாழ்வு 10, அதாவது நூற்றுக்குப் பத்து. இருளில் பொரிவு மிகுவதற்கு இந்த வர்க்கமூலக் கணக்கே காரணம். படச்சுருள் காலத்தில் நிலைமை இன்னும் கடினமாயிருந்தது. கோடக் நிறுவனத்தின் டிரை-எக்ஸ் சுருள் 1954 இல் 35 மில்லிமீட்டர் அளவில் வெளிவந்த பின்னரே இரவுக் காட்சிகள் பத்திரிகையாளருக்கு ஓரளவு எட்டின. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1967 இல் உற்பத்தி தொடங்கிற்று. 400 அளவுள்ள சுருளை 1600 எனக் கருதிப் படமெடுத்து, டெவலப்பரில் கூடுதல் நேரம் இட்டு எடுப்பார்கள். முகம் தேறும், நிழலில் இருந்த கால்கள் போய்விடும். அக்கால நிலையை எண்ணினால் பொரிவு ஒரு குறையாகவே தோன்றாது. தெளிவற்ற படத்தைத் திருத்த வழியில்லை. பொரிவுள்ள படத்தை எவரும் பார்ப்பர்.

இனி, அனுபவமுள்ளவரையும் திகைக்க வைக்கும் ஒன்றைக் கூறுவோம். ஒரே இடம், ஒரே அளவுகள், அடுத்தடுத்து எடுத்த பத்துப் படங்கள்; ஆயினும் ஒன்று வெளிச்சமாகவும், ஒன்று மங்கலாகவும், ஒன்று மஞ்சளாகவும் வருகின்றது. இக்கட்டுரையாளர் முதன்முறை இதைக் கண்டபோது காமிரா பழுதாயிற்று என்றே முடிவு செய்து, அதைக் கடைக்கு எடுத்துச் சென்று நகைப்புக்கு ஆளானதுண்டு. பழுது மின்சாரத்தில் உள்ளது. அன்று, அது பழுதுமன்று. நம் நாட்டு மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சிகள் உடையது. ஒவ்வொரு சுழற்சியிலும் இருமுறை உச்சம் தொடுவதால், சோக் வைத்த குழல் விளக்கும் மெட்டல் ஹாலைடு விளக்கும் வினாடிக்கு 100 முறை ஒளிர்ந்து மங்குகின்றன. கண் இதை அறியாது. 1/100 வினாடி திறந்திருக்கும் ஷட்டரும் அறியாது. ஒரு முழு ஏற்ற இறக்கம் அதில் அடங்கிவிடும். 1/500 வினாடி ஷட்டரோ அதில் ஐந்தில் ஒரு பகுதியை மட்டும் வெட்டி எடுக்கிறது. அது உச்சியாகவும் இருக்கலாம், பள்ளமாகவும் இருக்கலாம்.

பெரிய விளையாட்டரங்குகளில் விளக்குகளை மூன்று மின்கட்டங்களிலும் பிரித்து இணைப்பர். ஒன்று மங்கும்போது மற்றொன்று ஒளிர்வதால் மொத்த ஒளி சமனாகும். 1996 மார்ச் 11 அன்று சென்னைச் சேப்பாக்கத்தில் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மோதிய உலகக் கோப்பைக் காலிறுதி ஆட்டம் விளக்கொளியில் நடந்தது. தொலைக்காட்சிக்கெனத் திட்டமிடும் இத்தகைய ஒளி 1000 லக்ஸுக்கு மேற்படும். ஊர்க் களத்திலோ எல்லா விளக்குகளும் ஒரே கட்டத்திலோ ஒரே ஜெனரேட்டரிலோ தொங்கும். எல்.இ.டி. விளக்கு வந்துவிட்டதே எனில், நல்ல மின்சுற்று உள்ளது மட்டுமே துடிப்பின்றி எரியும். மலிவானது குழல் விளக்கினும் மோசமாகத் துடிக்கலாம். ஓசையற்ற மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தின் குறுக்கே கரும்பட்டைகள் விழும். தகட்டை மேலிருந்து கீழாகப் படிக்க 1/30 வினாடி ஆகுமாயின், அதற்குள் விளக்கு மும்முறை துடித்துவிடுகிறது. எனவே இயந்திர ஷட்டரே ஏற்றது. துடிப்பின் உச்சியை உணர்ந்து அக்கணத்தில் திறக்கும் வசதி இக்காலக் காமிராக்கள் சிலவற்றில் உண்டு. அவ்வசதி இல்லாதவர் பல படங்களை எடுத்துத் தேர்ந்துகொள்ள வேண்டியவரே.

பிளாஷ் இருக்கிறதே எனக் கேட்கலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹரால்ட் எட்ஜர்ட்டன் 1930களில் வளர்த்தெடுத்த மின்னணுப் பிளாஷ், வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரம் ஒளிர்ந்து எவ்வேகத்தையும் உறைய வைக்கும். ஆனால் 4 மீட்டரில் உள்ளவருக்குக் கிட்டும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே 12 மீட்டரில் உள்ளவருக்குக் கிட்டும். பார்வையாளர் கூட்டம் இருளில் மறையும். அதனினும் முக்கியமானது வேறு. பாடுவோருக்கு 30 வினாடிகளே உண்டு, எதிரே எழுவர். அரையிருளுக்குப் பழகிய அவர் கண்ணில் பிளாஷ் பாய்ந்தால், அதன் பிம்பம் சில வினாடிகள் விழித்திரையில் நின்று பார்வையை மறைக்கும். அந்நிலையில் முழங்காலை நோக்கி வரும் பிடியை அவர் காண மாட்டார். ஒரு படத்திற்காக ஒருவர் முழங்காலைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கால் கோட்டைத் தொட்டதா என்ற சச்சரவு எழும்போது, கூட்டம் படமெடுத்தவரைச் சூழ்ந்துகொள்ளும். கபடிக் கோட்டின் அகலம் 3 முதல் 5 செண்டிமீட்டர். 1/60 வினாடியில் எடுத்த படத்திலோ, வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்லும் பாதம் 8 செண்டிமீட்டர் இழுபட்டிருக்கும். அதாவது கோட்டையே விழுங்கியிருக்கும். இழுபடாத படமாயினும், பக்கவாட்டிலிருந்து சாய்வாக நோக்கினால் தரைக்கு மேலே நிற்கும் பாதமும் கோட்டின் மீது பதிந்ததுபோல் தெரியும். ஓட்டப்பந்தய முடிவைப் படம் பிடிக்கும் காமிராவை முடிவுக்கோட்டின் நேர் நீட்சியில் நிறுத்துவது இதனாலேயே. அவ்விடத்தில் அமர்ந்து, 1/500 வினாடியில் எடுத்தாலன்றி, இரவுப் படத்தை நடுவரிடம் நீட்டாதிருப்பதே நன்று.