பழைய சிசிடிவி: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

வீட்டுக்கு நான்கு கேமரா போட்டு எட்டு, பத்து வருடம் ஆகிவிட்டது. படம் ஓடுகிறது. ஆனால் வாசலில் வந்து நின்றவர் யார் என்று முகம் தெரிவதில்லை. கடைக்காரரைக் கேட்டால், "எல்லாத்தையும் கழட்டிட்டுப் புதுசா போட்டுடலாம் சார்" என்கிறார். உங்கள் நிலைமையும் இதுதான் என்றால், பணத்தை எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். பெரும்பாலான வீடுகளில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. எதை முதலில் மாற்றுவது, எதை அடுத்து மாற்றுவது என்ற வரிசை தெரிந்தால் போதும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

கேமரா கம்பி வந்து சேரும் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். அதுதான் டிவிஆர் (கேமராக்களின் படத்தைப் பதிவுசெய்து வைக்கும் பெட்டி). கம்பியின் முனை உருண்டையான உலோகமாக, செருகித் திருகிப் பூட்டுவதாக இருந்தால் அதன் பெயர் பிஎன்சி. அப்படியானால் உங்கள் வீட்டில் ஓடுவது கோஆக்சியல் கேபிள் (நடுவில் ஒற்றைக் கம்பியும் சுற்றிலும் பின்னல் வலையும் கொண்ட கேபிள்). எலக்ட்ரீஷியன்கள் 'த்ரீ பிளஸ் ஒன்' என்று சொல்வது இதைத்தான். படத்துக்கு ஒரு கோஆக்சியல், கூடவே மின்சாரத்துக்கும் ஒலிக்குமாக மூன்று மெல்லிய கம்பிகள். கம்ப்யூட்டர் நெட்வொர்க் கம்பி போல பிளாஸ்டிக் கிளிப் வைத்த முனை என்றால், உங்களுடையது ஐபி கேமரா (படத்தை நெட்வொர்க் வழியாக அனுப்பும் கேமரா). பழைய வீடுகளில் பெரும்பாலும் இருப்பது முதல் வகைதான்.

முகம் ஏன் தெரிவதில்லை?

படம் என்பது புள்ளிகளின் கூட்டம். பழைய டிவிஆர்கள் பலவற்றின் படம், நன்றாகப் பதிவானாலும் 704 புள்ளி அகலம்தான். முன்பின் தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஏறக்குறைய 250 புள்ளிகள் விழ வேண்டும் என்பது இத்துறையில் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. அந்தக் கணக்கில் பழைய கேமரா மூன்று மீட்டருக்கும் குறைவான அகலத்தை மட்டுமே முகம் தெரியும்படி காட்டும். 1920 புள்ளி அகலம் கொண்ட 2 மெகாபிக்சல் கேமரா ஏழரை மீட்டர் அகலம் வரை காட்டும். உங்கள் கேட்டும் அதன் இரு பக்கமும் அதற்குள் அடங்கிவிடும்.

எல்லாக் கோளாறுக்கும் வயதுதான் காரணமா?

இல்லை. சில கோளாறுகளைச் சின்னச் செலவிலேயே சரிசெய்துவிடலாம். பகலில் சரியாக ஓடும் கேமரா இருட்டியதும் அணைந்து அணைந்து எரிகிறதா? இரவில் ஐஆர் விளக்குகள் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி தருபவை) எரியும்போது கேமரா கூடுதல் மின்சாரம் இழுக்கும். தளர்ந்துபோன எஸ்எம்பிஎஸ் (கேமராக்களுக்கு 12 வோல்ட் மின்சாரம் தரும் பெட்டி) அதைத் தாங்காது. முதலில் அதையும் கேமரா பக்கத்து பவர் பின்னையும் மாற்றிப் பாருங்கள்.

இரவில் படம் முழுக்க வெள்ளை மூட்டமாகத் தெரிந்தால், கண்ணாடிமேல் தூசியோ சிலந்திவலையோ இருக்கும். ஐஆர் ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், வலையில் பட்ட ஒளி திரும்பி லென்சுக்குள்ளேயே அடிக்கும். மெல்லிய துணியால் துடைத்தால் சரியாகிவிடும். பகலில் செடிகொடி எல்லாம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், பகலில் அகச்சிவப்பைத் தடுக்கும் உள்வடிகட்டி சிக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த ஒரு கேமராவை மட்டும் மாற்றினால் போதும்.

படத்தில் கோடு கோடாக ஓடினால் பிஎன்சி முனையைக் கழற்றிப் பாருங்கள். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் அது பச்சை பூத்திருக்கும். புது முனை போட்டு, இணைப்பை மழை படாத ஒரு சிறு பெட்டிக்குள் அடக்குங்கள். கேமராவை மாற்றும் எண்ணம் அதற்குப் பிறகு வரட்டும்.

பழைய கேபிளிலேயே புதுக் கேமரா ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். அதே கோஆக்சியல் கேபிளில் தெளிவான படத்தை அனுப்பும் முறைகள் 2012-க்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்தன. சிவிஐ, டிவிஐ, ஏஎச்டி என்று பெட்டியில் போட்டிருப்பது அவைதான். சுவரை உடைக்க வேண்டாம், சீலிங்கைப் பிரிக்க வேண்டாம். ஆனால் ஒரு நிபந்தனை: கேபிள் நல்லதாக இருக்க வேண்டும். நடுவில் வெட்டி டேப் சுற்றி ஒட்டுப்போட்டிருந்தால் பழைய படத்துக்குத் தாங்கியது புதிய படத்துக்குத் தாங்காது. ஆகவே நான்கு கேமராவையும் ஒரேயடியாக வாங்காதீர்கள். ஒன்றை மட்டும் கொண்டுவரச் சொல்லி, வீட்டிலேயே நீளமான கேபிளில் மாட்டி, ஒரு ராத்திரி ஓட விட்டுப் பாருங்கள். அதில் நன்றாக ஓடினால் மற்றவற்றிலும் அநேகமாக ஓடிவிடும்.

அப்படியானால் முதலில் மாற்ற வேண்டியது எது?

டிவிஆர். இன்று கடைகளில் கிடைக்கும் டிவிஆர்களில் பெரும்பாலானவை பழைய கேமரா, சிவிஐ, டிவிஐ, ஏஎச்டி, ஐபி என ஐந்து வகையையும் ஏற்கும். அதை மாட்டியவுடன் உங்கள் பழைய கேமராக்கள் அப்படியே ஓடும். அவற்றின் தெளிவு அதிகமாகாது, ஆனால் எதுவும் நின்றுபோகாது. பிறகு கையில் பணம் வர வர ஒவ்வொரு கேமராவாக மாற்றலாம். வாசல் கேமராவில் தொடங்குங்கள், மாடிப்படி அடுத்து, கொல்லைப்புறம் அதற்கடுத்து.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? புதுக் கேமராவைப் பழைய டிவிஆரில் செருகினால் படமே வராமல் போகலாம். பல கேமராக்களின் கம்பியில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்திப் பிடித்துப் பழைய முறைக்கு மாற்றினால் படம் வரும், ஆனால் பழைய மங்கலோடுதான் வரும். புதுக் கேமராவுக்குக் கொடுத்த காசு வீண்.

ஐபி கேமராவுக்கே போய்விடலாமா?

வீட்டில் மராமத்து வேலை நடக்கிறது, சுவர் எப்படியும் திறக்கப்போகிறது என்றால் தாராளமாகப் போகலாம். ஒரே 'கேட் 6' நெட்வொர்க் கேபிளில் மின்சாரமும் படமும் சேர்ந்து போகும். இதற்குப் பிஓஇ (நெட்வொர்க் கம்பி வழியே மின்சாரம் தரும் முறை) என்று பெயர். ஒரு கேபிளின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது மட்டுமே வரம்பு. இருக்கும் கேபிள் நல்லதாக இருந்தால், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஐபிக்குப் போவதில் ஒரு சாதாரண வீட்டுக்குப் பெரிய லாபம் இல்லை.

வைஃபை கேமரா?

வாடகை வீட்டுக்கும், ஒரே ஒரு கதவைப் பார்க்கவும் நல்லது. ஆனால் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் பிளக் பாயின்ட் வேண்டும். இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் சிக்னல் தளரும். பதிவு பெரும்பாலும் கேமராவுக்குள் இருக்கும் மெமரி கார்டில்தான் இருக்கிறது. கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் பதிவும் போய்விடும். இணையத்தில் சேமிக்கலாம், அதற்குச் சந்தா கட்ட வேண்டும்.

ஹார்டு டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

இப்போதே எழுந்து போய் ஒரு சோதனை செய்யுங்கள். மூன்று நாளைக்கு முந்தைய ராத்திரி பத்து மணிப் பதிவைத் தேடி ஓடவிடுங்கள். வரவில்லை என்றால், திரையில் படம் ஓடிக்கொண்டிருந்தாலும் உங்கள் வீட்டில் எதுவும் பதிவாகாமல் இருக்கலாம். பல வீடுகளில் இது தெரியவருவது திருட்டு நடந்த மறுநாள்தான். இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருக்கும் டிஸ்க் சில வருடங்களில் தேய்ந்துபோவது இயல்பு.

புதிதாக வாங்கும்போது கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம். கண்காணிப்புக்கென்றே, 24 மணி நேரமும் எழுதுவதற்காகச் செய்த டிஸ்க்கைக் கேளுங்கள். எவ்வளவு பெரியது? எச்.265 (படத்தைப் பழைய முறையைவிட ஏறக்குறையப் பாதி இடத்தில் அடக்கும் முறை) உள்ள டிவிஆரில், 2 மெகாபிக்சல் கேமரா ஒன்று நொடிக்கு 2 மெகாபிட் அளவில் எழுதினால் ஒரு நாளைக்குச் சுமார் 22 ஜிபி ஆகும். நான்கு கேமராவுக்கு 86 ஜிபி. 1 டிபி டிஸ்க்கில் சுமார் பதினோரு நாள் பதிவு நிற்கும், 2 டிபியில் சுமார் இருபத்துமூன்று நாள். ஊருக்குப் போனால் திரும்ப இரண்டு வாரம் ஆகும் குடும்பம் என்றால் 2 டிபியே வாங்குங்கள். ஆள் நடமாட்டத்தின்போது மட்டும் பதியும்படி வைத்தால் நாட்கள் இன்னும் கூடும்.

படம் தெரிகிறது, பதிவும் ஆகிறது. இன்னும் ஏன் மாற்ற வேண்டும்?

இங்குதான் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பழைய டிவிஆரின் பெரிய ஆபத்து மங்கலான படம் அல்ல, அதன் பாஸ்வேர்டு. 2016-ல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் லட்சக்கணக்கான கருவிகளைக் கைப்பற்றியது. அவற்றில் ஏராளமானவை வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கேமராக்களும் டிவிஆர்களும்தான். அது பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. அவற்றைப் பலர் மாற்றவே இல்லை.

உங்கள் டிவிஆரில் இப்போதும் 'அட்மின்', '12345' இருந்தால் இன்றே மாற்றுங்கள். கேமரா மாட்டிய பையனுக்குப் பாஸ்வேர்டு தெரியுமா? அவர் போனில் உங்கள் வீடு இன்னும் தெரிகிறதா? ஆப்பில் யார் யாருக்குப் பகிரப்பட்டிருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, வேண்டாதவர்களை நீக்குங்கள். வெளியூரிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து டிவிஆருக்கு நேர்வழி திறந்துவிடுவது) செய்திருந்தால் அதை மூடச் சொல்லுங்கள். தெருக்கதவைத் திறந்துபோட்டு உள்ளே கேமரா வைப்பதற்குச் சமம் அது.

பழைய டிவிஆர்களுக்கு நிறுவனங்கள் மென்பொருள் திருத்தம் தருவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டன. பலவற்றைக் கம்ப்யூட்டரில் பார்க்க இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் வேண்டும். அந்த உலாவியையே மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்திவிட்டது. ஓட்டை தெரிந்தும் அடைக்க வழியில்லாத பெட்டியை இணையத்தில் இணைத்து வைக்கக் கூடாது. மாற்றும் வரை, டிவிஆரிலிருந்து ரவுட்டருக்குப் போகும் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பதிவு வழக்கம்போல் நடக்கும், வெளியிலிருந்து மட்டும் பார்க்க முடியாது.

புதிதாக வாங்கும்போது எதைக் கேட்க வேண்டும்? இந்தியாவில் சிசிடிவி கேமராக்களுக்கான பாதுகாப்புச் சோதனை விதிகள் 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. "இந்த மாடலுக்கு எஸ்டிக்யூசி சான்று இருக்கிறதா?" என்று கடைக்காரரிடம் கேளுங்கள். மத்திய அரசின் மின்னணுச் சோதனை அமைப்பு அது. விதிக்கு முன் வந்த சரக்கைத் தள்ளுபடியில் தந்தால் யோசியுங்கள்.

கேமராவை எங்கே மாட்டுவது?

மொட்டைமாடி விளிம்பில் மாட்டிய கேமரா தலைமுடியையும் தொப்பியையும்தான் காட்டும். முகம் வேண்டுமானால் எட்டு முதல் பத்தடி உயரம் போதும். வாசலுக்கு 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகக் காட்டும். கேட் தூரத்தில் இருந்தால் 6 மில்லிமீட்டர் கேளுங்கள், அகலம் குறைந்து முகம் பெரிதாகும். பக்கத்து வீட்டு ஜன்னல் படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதி டிவிஆரிலேயே இருக்கிறது. நீங்களே முந்திக்கொண்டு மறைத்துவிட்டால் சண்டை வராது.

டிவிஆரை டிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். விவரம் தெரிந்த திருடன் முதலில் தூக்குவது அதைத்தான். காற்றோட்டமுள்ள பூட்டிய அலமாரியில் வைத்து, சின்ன யுபிஎஸ் ஒன்று கொடுங்கள்.

பதிவு காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் பயன்படுமா?

பயன்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவைச் சான்றிதழோடு சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் டிவிஆரின் கடிகாரம் நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடினால் எதிர்த்தரப்பு கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நேரத்தைச் சரிசெய்யுங்கள்; புது டிவிஆர் என்றால் இணையத்திலிருந்து தானே திருத்திக்கொள்ளும்படி வையுங்கள். ஏதாவது நடந்தால் அன்றே பென் டிரைவில் நகல் எடுங்கள். டிஸ்க் நிரம்பியதும் பழைய பதிவின்மேல் புதியது எழுதிவிடும். டிவிஆரை யாரும் நோண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருட்களை என்ன செய்வது?

பழைய டிஸ்க்கில் உங்கள் வீட்டு நடமாட்டம் முழுவதும் இருக்கிறது. அழிக்காமல் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். அழித்துவிட்டு, பதிவுபெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் கொடுங்கள்.

கடைசியாக, கடைக்காரரிடம் விலைப்பட்டியல் கேட்கும்போது டிவிஆர், டிஸ்க், எஸ்எம்பிஎஸ், கேமரா, கூலி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எது தேவை, எது தள்ளிப்போடலாம் என்று உங்களுக்கே விளங்கிவிடும். அதற்கு முன், காசு செலவில்லாத மூன்று வேலைகளை இன்றே முடியுங்கள்: மூன்று நாளுக்கு முந்தைய பதிவு வருகிறதா என்று பாருங்கள், கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். புதுக் கேமரா அடுத்த மாதம் வந்தாலும் பரவாயில்லை. இந்த மூன்றும் தள்ளிப்போடக் கூடாதவை.