முதுகெலும்பைத் தொடாத சேணம்

கடனாநதி தாமிரபரணியில் கலக்கும் இடத்தில் இருக்கிறது திருப்புடைமருதூர். குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்கள் அரைநாள் ஒதுக்கிப் போய்வரலாம். அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் விஜயநகர, நாயக்கர் கால ஓவியங்கள் உண்டு. கப்பலில் வந்த குதிரைகள், போருக்குப் பாயும் குதிரைகள் என்று சுவரெல்லாம் குளம்படி. நம் கண் முதலில் போவது அவற்றின் அலங்காரத்துக்குத்தான். சேணத்தின் வேலையோ அடியில் இருக்கிறது.

ஆளின் கனம் நேராக அழுத்தினால் குதிரையின் முதுகெலும்பு தாங்காது, புண்ணாகிவிடும். அதனால் எலும்பின் இருபுறமும் நீளவாக்கில் ஒவ்வொரு பலகை வைத்து, முன்னும் பின்னும் வளைவுகளால் இணைக்கிறார்கள். நடுவில் எலும்புக்கு மேலே வெற்றிடம். கனம் விலாப்பக்கத் தசைகளில் பரவிவிடும். அடியில் கம்பளி, வயிற்றைச் சுற்றி வார். வார் தளர்ந்தால் ஆள் சேணத்தோடு சரிந்து குதிரையின் வயிற்றுக்கடியில் தொங்க வேண்டியதுதான்.

இந்த அமைப்பை ஒளிக்காமல் காட்டுபவை திபெத்தியச் சேணங்கள். மரச்சட்டத்தின் மேல் இரும்புத் தகடு பொருத்தி, டிராகனும் கொடிகளுமாகத் துளைவேலை செய்து பொன்முலாம் பூசுவார்கள். உட்காரும் இடத்தைக் கம்பளம் மூடிவிடும். ஆகவே செலவெல்லாம் வெளியே தெரியும் வளைவுகளில். கெட்டிக்காரர்கள்!

அடுத்தது அங்கவடி, சேணத்திலிருந்து தொங்கும் கால்தாங்கி. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முந்தைய சாஞ்சிச் சிற்பங்களில் காலின் கட்டைவிரல் மட்டும் நுழையும் வளையம் தெரிகிறது. வெறுங்காலுக்கு அது போதும். குளிருக்குப் பூட்ஸ் போடுகிறவர்களுக்கு முழுப் பாதமும் நுழைகிற அங்கவடி வேண்டும்.

அலங்காரம் எத்தனை இருந்தாலும் குளம்பைக் கவனிக்காவிட்டால் குதிரை நிலைக்காது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு 2000க்கும் மேல் குதிரை வாங்கியதாகவும், லாடம் அடிக்க ஆளின்றி அவை சீக்கிரம் செத்ததாகவும் எழுதினார். லாடம் அடிப்பவர்களைக் குதிரை வணிகர்களே வரவிடவில்லையாம். பிறகு வியாபாரம் எப்படி நடக்கும்?

தென்காசி மாவட்டத்தின் பெயர்பெற்ற குதிரைக் கதையில் வருவது அழகே இல்லாத ஒரு சாமான்: குதிரை கட்டும் முளை. நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரின் தளபதி ஒண்டிவீரன், தென்மலையில் இருந்த கிழக்கிந்தியக் கும்பினியின் முகாமுக்குள் புகுந்து குதிரையை அவிழ்த்தார். அது கனைத்தது. அவர் தீவனப் புல்லுக்குள் பதுங்கினார். ஓடிவந்த காவலாள் இருட்டில் அடித்த முளை அவர் கையைத் துளைத்து இறங்கியது. சத்தம் போடாமல் கையை வெட்டிக்கொண்டு, அந்தக் குதிரையிலேயே நெற்கட்டும்செவலுக்குத் திரும்பினார் என்கிறார்கள் ஊரார்.