கைக்குள் குமிழ், திரையில் கோடு

அரசியல் விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்ப்பவர்களின் மனம் நொடிக்கு நொடி மாறுவதை அளக்க ஒரு சிறு கருவி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் பெட்டி, அதில் ஒரு குமிழ். குமிழ் 50இல் நின்றால் விருப்புமில்லை, வெறுப்புமில்லை. பேச்சு பிடித்தால் 100 பக்கம் திருப்புவார்கள். கசந்தால் 0 பக்கம். கணினி எல்லாருடைய குமிழ்களையும் விடாமல் படித்து, சராசரியை ஒரு கோடாகத் திரையின் அடியில் ஓடவிடும். குமிழைப் பிடித்திருப்பவர்கள் பெரும்பாலும் யாருக்கு ஓட்டு என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள்.

இதன் தாய்க் கருவி வானொலிக் காலத்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சமூகவியலாளர் பால் லாசர்ஸ்பெல்டும் சிபிஎஸ் வானொலி நிறுவனத்தின் ஃபிராங்க் ஸ்டான்டனும் 1930களின் பிற்பகுதியில் அதை உருவாக்கினார்கள். பிடித்தால் அழுத்த ஒரு கையில் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் அழுத்த மறு கையில் சிவப்பு. ஓடும் காகிதச் சுருளில் பேனா முனைகள் கோடு கிழித்தன. 1941 நவம்பரில் சக சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனை விருந்துக்கு அழைத்த லாசர்ஸ்பெல்ட், அன்றிரவே அவரை வானொலிக் கூடத்துக்குக் கூட்டிப்போனார். பொத்தான் அழுத்தியவர்களிடம் காரணம் விசாரித்த முறை மெர்ட்டனுக்குப் பிடிக்கவில்லை. கேள்வியே பதிலை எடுத்துக்கொடுத்தது. அவர் செய்த திருத்தத்திலிருந்துதான் குழுவாக உட்காரவைத்துக் கருத்துக் கேட்கும் முறை வளர்ந்தது. கோடு எந்த இடத்தில் ஏறியது என்பதைக் கருவி காட்டும். ஏன் ஏறியது என்பதை ஆளிடம்தான் கேட்கவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் சேனல் நைன் 1993இல் பிரதமர் கீட்டிங், எதிர்க்கட்சித் தலைவர் ஹூசன் விவாதத்தின்போது இந்தக் கோட்டை வீட்டுத் திரைகளுக்கே கொண்டுவந்தது. நெளிந்து நகர்ந்ததால் மக்கள் அதற்குப் ‘புழு’ என்று பெயர் வைத்தார்கள். நியூசிலாந்தில் 2002 தேர்தல் விவாதத்தில் சிறு கட்சித் தலைவர் பீட்டர் டன் பேசியபோதெல்லாம் புழு மேலேறியது. ஒரே இடம் வைத்திருந்த அவருடைய கட்சி அந்தத் தேர்தலில் 8 இடங்களைப் பிடித்தது. 2007இல் ஆஸ்திரேலியப் பிரதமர் ஹோவர்ட், எதிர்க்கட்சித் தலைவர் கெவின் ரட் விவாதத்தில் புழு கூடாது என்ற நிபந்தனையை மீறியதற்காக, சேனல் நைனுக்குப் போன ஒளிபரப்பு இணைப்பு இடையில் துண்டிக்கப்பட்டது.

அரசியல்வாதிகள் புழுவுக்கு அஞ்சியதில் நியாயம் இருந்தது. 2010 பிரிட்டன் தேர்தலின்போது காலின் டேவிஸ், ஜெஃப்ரி பவர்ஸ், அமினா மெமோன் ஆகிய ஆய்வாளர்கள் 150 பேரை இரு குழுவாகப் பிரித்து, கடைசி விவாதத்தை நேரலையில் காட்டினார்கள். ஓடிய புழு போலி. ஒரு குழுவுக்கு அது பிரதமர் கோர்டன் பிரவுன் பக்கம் சாய்ந்தது, மறு குழுவுக்கு லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவர் நிக் கிளெக் பக்கம். வென்றவர் யார் என்று கேட்டபோது, இரு குழுக்களும் தங்கள் திரையில் புழு சாய்ந்த பக்கமே சாய்ந்தன. கோடு கருத்தை அளப்பதோடு நிற்காமல் கருத்தை இழுக்கவும் செய்கிறது.

மலேசியாவில் இத்தகைய நேரடி மோதல்கள் அரிது. 2008 ஜூனில் பெட்ரோல் லிட்டருக்கு 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70க்கு ஏறிய சூட்டில், ஜூலை 15ஆம் தேதி எதிரணியின் அன்வார் இப்ராகிமும் தகவல் அமைச்சர் ஷபெரி சிக்கும் விவாதித்தார்கள். 2022 மே 12ஆம் தேதி அன்வாரும் முன்னாள் பிரதமர் நஜிப் ரசாக்கும், கடனில் சிக்கிய எண்ணெய், எரிவாயுச் சேவை நிறுவனமான சப்புரா எனர்ஜியை அரசாங்கம் மீட்கவேண்டுமா என்று மோதினார்கள்.

அப்படியொரு விவாதத்துக்கு மலாக்காவில் 30 பேரிடம் குமிழைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாநில மக்கள்தொகையில் இந்தியர், பெரும்பாலும் தமிழர், ஏறத்தாழ 6 விழுக்காடு. விகிதப்படி எடுத்தால் இரண்டே பேர். அந்த இருவரும் மலாக்கா பட்டணத்துக்காரர்களாக இருந்துவிட்டால் பட்டணத்துக்கு வெளியே உள்ள தெபோங்கும் ஜாசினும் காடேக்கும் கோட்டில் இல்லை. 30 பேரைக் குலுக்கல் முறையில் எடுத்தாலும் பிழை 18 விழுக்காட்டுப் புள்ளிவரை போகலாம். திரையில் ஓடும் கோடு அதைச் சொல்லாது.

மொழியும் குறுக்கே நிற்கும். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த பாட்டிக்குக் கடைத்தெரு மலாய் நன்றாகவே தெரியும். கடன் மறுசீரமைப்பு, பங்கு வெளியீடு என்று பேச்சு போனால் பேரன் சொல்லித்தான் புரியும். பாட்டி குமிழைத் திருப்பும்போது பேச்சாளர் அடுத்த விஷயத்துக்குப் போயிருப்பார். பிடித்த பேச்சின் மதிப்பெண் வேறு பேச்சின் கணக்கில் விழும்.

2021 நவம்பர் 20ஆம் தேதி நடந்த மலாக்கா மாநிலத் தேர்தலில் கோவிட் காரணமாகக் கூட்டங்களுக்குத் தடை இருந்தது. பிரச்சாரம் பெரிதும் கைப்பேசிக்கு மாற, ஃபேஸ்புக் நேரலையில் மிதந்த இதயங்களே கைதட்டலாயின. குமிழைவிட இது பலவீனமான அளவுகோல். ஒரே ஆள் பத்து முறை அழுத்தலாம், வெளியூர்க்காரரும் அழுத்தலாம், பிடிக்காதவர் பேசாமல் வெளியேறிவிடுவார். அன்று வாக்காளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஓட்டே போடவில்லை, இதயங்கள் அதையும் காட்டாது.

மலாக்காத் தமிழரின் கருத்தைத் தனிக் கோடாக ஓரளவு நம்பிப் படிக்க, அவர்களில் மட்டுமே குறைந்தது 100 பேர் வேண்டும். அப்போதும் பிழை 10 புள்ளிவரை இருக்கும். தோட்டமும் பட்டணமும் கலந்திருக்கவேண்டும், காதில் தமிழ் மொழிபெயர்ப்பு ஓடவேண்டும், விவாதம் முடியும்வரை கோடு எவர் கண்ணிலும் படக்கூடாது.