படிவத்துக்குப் பக்கத்தில் ஓர் அக்கா

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் திண்டுக்கல் மாவட்டத்துச் சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டிப் பக்கம் ஆலோசனைக்குப் பஞ்சமே இருக்காது. ‘நர்சிங் சேர்’, ‘கம்ப்யூட்டர் எடு’, ‘பொம்பளப் பிள்ளைய வெளியூருக்கு அனுப்பாதே’ என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு என்னென்ன தாள்களோடு இ-சேவை மையத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் நழுவிவிடுவார்கள்.

பொறியியல் கவுன்சலிங்கையே எடுத்துக்கொள்ளலாம். பெயர் தெரிந்த நாலைந்து கல்லூரிகளை மட்டும் சாய்ஸில் போட்டுவிட்டு, அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காமல் முழிக்கும் பிள்ளைகள் உண்டு. சீட் ஒதுக்கிய பிறகும் வேலை முடியாது. ஏற்றுக்கொண்டு சேர்வதா, ஏற்றுக்கொண்டே பட்டியலில் மேலே உள்ள இடத்துக்குக் காத்திருப்பதா, வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போவதா என்பதைக் குறித்த கெடுவுக்குள் இணையத்தில் பதிய வேண்டும். தவறினால் சீட் போச்சு. வீட்டில் யாரும் கல்லூரிப் பக்கம் போனதில்லை என்றால், இத்தனையும் ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வழிகாட்டத் தமிழக அரசு 2022 மார்ச் 1-ல் ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. அதே ஆண்டு ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் வந்தன. மேடைப் பேச்சுகளைவிட ‘உயர்வுக்குப் படி’ முகாம்களே உருப்படியானவை. பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்களைத் தேடிப் பிடித்து அழைத்து, கல்லூரி, ஐடிஐ, பாலிடெக்னிக்காரர்களை ஒரே இடத்தில் உட்கார வைத்து, முடிந்தால் அன்றைக்கே சேர்க்கையும் போட்டுக் கொடுக்கிறார்கள்.

விவரம் சொல்வது வேறு, கூட உட்கார்ந்து முடித்துக் கொடுப்பது வேறு. அமெரிக்காவில் ஒஹாயோவிலும் வட கரோலினாவிலும் 2008-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். வருமான வரிக் கணக்குக் கொடுக்க வந்த எளிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு, பிள்ளையின் கல்லூரி உதவித்தொகைப் படிவத்தையும் அங்கேயே நிரப்பிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டுகளில், கல்லூரியில் இரண்டு ஆண்டு முடித்த பிள்ளைகளின் பங்கு, இந்த உதவி கிடைக்காத குடும்பங்களில் 28 சதவீதம்; கிடைத்த குடும்பங்களில் 36 சதவீதம். எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற விவரம் மட்டும் பெற்ற குடும்பங்களுக்குப் பலனில்லை.

ஜெர்மனியில் பத்து நகரங்களில், கல்லூரி மாணவர்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொருவராக வழிகாட்டிகளாக்கி ஆராய்ந்தார்கள். வசதியற்ற வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடத்திலும், என்ன வேலைக்குப் போவது என்ற தெளிவிலும் முன்னேற்றம். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்றுமில்லை. அவர்களுக்குத்தான் சித்தப்பாவும் மாமாவும் ஏற்கெனவே இருக்கிறார்களே!

இங்கே நடிகர் சூர்யாவின் அகரம் அறக்கட்டளை 2010-லிருந்து, ஏழை மாணவர்களைக் கல்லூரியில் படிக்கவைக்கும் ‘விதை’ திட்டத்தை நடத்திவருகிறது. தன்னார்வலர்கள் மாணவரின் வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மதிப்பெண் பட்டியல் சொல்லாததை வீட்டுத் திண்ணை சொல்லிவிடும்.

சேவுகம்பட்டிப் பக்கம் இப்படிக் கூட உட்கார்ந்து வழிகாட்ட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. நிலக்கோட்டையில் அரசு மகளிர் கலைக் கல்லூரி, சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமப் பல்கலைக்கழகம், ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி. போன வருடம் இதே குழப்பத்தில் தவித்துக் கரையேறிய அக்காக்களும் அண்ணன்களும் அங்கேதான் படிக்கிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: தனக்குக் கிடைக்காத சீட்டைத் தம்பி தலையில் கட்டுகிற அண்ணன்களும் உண்டு. அதனால் எந்தக் கல்லூரி என்பதைப் பிள்ளை சொல்லட்டும்; சான்றிதழ், கெடு, கட்டணம், விடுதி ஆகியவற்றை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பு புரியாமல் ‘ஊருக்கே வந்துடுறேன்’ என்று தம்பி போன் போடும் இரவிலும் அவர் எடுத்துப் பேச வேண்டும்.