மேரியோவிடம் மீண்டும் ஒரு பாடம்

வீடியோ விளையாட்டு என்றாலே நேரத்தை வீணடிப்பது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆசிரியரான பின் நானும் அதையே மாணவர்களிடம் சொல்லி வந்தேன். அண்மையில் அந்த எண்ணம் சற்று ஆட்டம் கண்டது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஓர் இரப்பர் தோட்டத்து லயத்தில் நாங்கள் குடியிருந்தோம். பள்ளி விடுமுறையில் ஈப்போ புந்தோங்கிலுள்ள மாமா வீட்டுக்குப் போவோம். அங்கே 'மைக்ரோ ஜீனியஸ்' இருந்தது. ஜப்பானின் நிந்தெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பின்பற்றித் தைவானில் செய்யப்பட்டது அது. அதில் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' ஆடுவோம். ஒருவரின் மேரியோ செத்தால் அடுத்தவருக்குக் கைமாறும். சண்டை வராமல் காத்தது அந்த ஒரு விதிதான்.

அண்மையில் அதே வீட்டில், நிந்தெண்டோ 2016இல் 30 பழைய விளையாட்டுகளோடு வெளியிட்ட சிறிய கருவியில், அதை மீண்டும் ஆடினேன்.

ஷிகெரு மியாமோத்தோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்து 1985இல் வெளிவந்த விளையாட்டு இது. மொத்த அளவு 40 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே இதைவிடப் பல மடங்கு பெரியது. இடத்தை மிச்சப்படுத்த, மேகத்துக்கும் புதருக்கும் ஒரே வடிவத்தைப் பயன்படுத்தியுள்ளனர். நிறம் மட்டுமே வேறு. சிறுவயதில் இதை நான் கவனித்ததே இல்லை.

அதைவிட வியப்பளித்தது முதல் கட்டம். மேரியோ திரையின் இடப்பக்கம் நின்று வலப்பக்கம் பார்க்கிறான். வலப்புறம் வெற்றிடம், ஆகவே அப்பக்கம்தான் போக வேண்டும். எதிரி ஒன்று நடந்து வருகிறது. சும்மா நின்றால் சாவு; தாண்டினால் பிழைப்பு. செத்தாலும் இழப்பு சில விநாடிகளே. அடுத்து, கேள்விக்குறிப் பெட்டியை முட்டினால் காளான் வெளிவரும். அது குழாயில் மோதி நம்மை நோக்கியே திரும்பும். பயந்து தாண்டப் பார்த்தால் மேலிருக்கும் கற்கள் தடுக்கும். பெரும்பாலும் காளான் நம்மேல் பட்டுவிடும், மேரியோ பெரியவனாவான். காளான் நல்லது என்று யாரும் சொல்லாமலே புரிந்துவிடுகிறது.

பிறகு எதிரெதிராக இரண்டு படிக்கட்டுகள். முதல் இணையின் நடுவே தரை இருக்கிறது. தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை. அடுத்த இணையின் நடுவேதான் பள்ளம்.

இதைக் கண்டதும் அம்மாவின் நினைவு வந்தது. பால்வெட்டப் புதிதாக வருபவரிடம் இளமரத்தைக் கொடுக்கமாட்டார். வெட்டி வீழ்த்தப்போகும் கிழட்டு மரத்தில்தான் முதலில் கத்தி பிடிக்கச் சொல்வார். கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம்பட்டு, புதுப்பட்டை சீராக வளராது. பழைய மரமென்றால் நட்டமில்லை. அந்தத் தோட்டம் இன்று செம்பனைக் காடு, லயமும் இல்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளான எங்களுக்கு அப்போது ஆங்கிலம் எட்டாக்கனி. ஆனாலும் விளையாட்டு தடைபடவில்லை. கோட்டையின் முடிவில் வரும் செய்தியை மட்டும் அக்கா படித்துச் சொல்வார்: இளவரசி இங்கில்லையாம், வேறு கோட்டையிலாம்! ஏழு கோட்டைகளில் இதே பதில்தான். நாங்கள் எட்டாவது வரை போனதேயில்லை. தோற்ற பின் 'ஏ' பொத்தானை அழுத்திக்கொண்டு 'ஸ்டார்ட்' அழுத்தினால் தோற்ற உலகிலிருந்தே தொடரலாம் என்பது இப்போதுதான் தெரிந்தது. எங்கள் கேசட்டோடு கையேடு வரவில்லை.

புதிய கருவியில் ஆட்டத்தை நினைத்த இடத்தில் சேமிக்கலாம். ஒரே மாலையில் இளவரசியை மீட்டுவிட்டேன். மகிழ்ச்சிதான், ஆனால் பக்கத்தில் தன் முறைக்காகக் காத்திருக்க யாருமில்லை.

வீடு திரும்பும்போது, பின்னக் கணக்கில் தடுமாறும் என் மாணவன் ஒருவன் நினைவுக்கு வந்தான். கவனமில்லாதவன் என்று அவனைப் பலமுறை கடிந்திருக்கிறேன். யோசித்துப் பார்த்தால், நான் அவனுக்குத் தரையுள்ள படிக்கட்டைக் காட்டவே இல்லை. நேரே பள்ளத்தின்முன் நிறுத்திவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை முதற்படியிலிருந்து தொடங்கினோம்.