பெயருக்குப் பின்னால் – 9: அச்சு யார் கையில்?

இத்தாலியின் வடக்கே, டோலமைட் மலைகளுக்கு நடுவில் அகோர்டோ என்று ஒரு சிற்றூர். 1960களின் தொடக்கத்தில் அங்கே சுரங்க வேலை ஓய்ந்துகொண்டிருந்தது. இளைஞர்கள் பிழைப்புத் தேடி வெளியேற, தொழில் தொடங்க வருகிறவர்களுக்கு நிலம் இலவசம் என்று அறிவித்தது ஊர் நிர்வாகம். மிலானில் அநாதை இல்லத்தில் வளர்ந்து, அச்சு செய்யும் பட்டறையில் தொழில் பழகிய லியோனார்தோ தெல் வெக்கியோ என்ற இளைஞர் 1961இல் அங்கே போய்க் கடை விரித்தார். அவர் செய்தது மூக்குக்கண்ணாடியின் உதிரிப் பாகங்கள். அவற்றைக் கோத்து, தம் பெயரைப் பொறித்து விற்றவர்கள் வேறு ஆட்கள்.

பத்தே ஆண்டுகள். 1971இல் மிலான் கண்காட்சியில் தம் நிறுவனத்தின் பெயரிலேயே முழுக் கண்ணாடிகளைக் காட்சிக்கு வைத்தார். அதன் பிறகு அடுத்தவர்களுக்குச் செய்து கொடுக்கும் வேலையையே நிறுத்திவிட்டார். அந்த நிறுவனம்தான் லக்சாட்டிகா. 1999இல் ரே-பானை வாங்கியது. 2007இல் ஓக்லியையும் வாங்கிப் போட்டது.

சொந்தப் பெயரில் கண்ணாடி விற்கக் கிளம்புகிறவர்கள் இந்தக் கதையைத் தெரிந்துகொண்டு தொழிற்சாலை தேடுவது நல்லது. பெரும்பாலோர் முதலில் கேட்பது விலை. அடுத்து, குறைந்தது எத்தனை உருப்படி எடுக்க வேண்டும் என்பது. இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னால், அச்சு யாருக்குச் சொந்தம் என்று கேட்கச் சொல்வேன்.

பிளாஸ்டிக் ஃபிரேமைப் பெரும்பாலும் இரண்டு விதமாகச் செய்கிறார்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்துவது ஒன்று. அச்சு செய்யும் செலவு பெரிது. அதன் பிறகு ஒவ்வொரு ஃபிரேமும் மலிவு. ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டுப்படியாகும். பணம் நீங்கள் கொடுத்திருந்தாலும் அச்சு கிடப்பது தொழிற்சாலையில். ஒப்பந்தத்தில் எழுதி வாங்காவிட்டால், வேறு இடத்துக்கு மாறும் நாளில் உங்கள் வடிவம் அங்கேயே தங்கிவிடும். அதே வடிவம் இன்னொருவர் பெயரோடு சந்தைக்கு வந்தாலும் கேட்க வழி இருக்காது.

மற்றது அசிடேட். தகடாக வரும் பொருளைக் கணினி இயந்திரம் வெட்டியெடுக்கும். வடிவத்துக்கு வடிவம் விலையுயர்ந்த எஃகு அச்சு தேவையில்லை. வரைபடக் கோப்பு போதும். ஆகவே சில நூறு உருப்படிகளுக்கும் செய்து தருவார்கள். புதிதாக வரும் சின்ன பிராண்டுகளின் கண்ணாடிகள் பலவும் தடித்த, பல வண்ண அசிடேட்டாக இருப்பதற்கு ரசனை மட்டும் காரணமில்லை, இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஆனால் கோப்பை நகலெடுப்பது அச்சைத் தூக்கிச் செல்வதை விட எளிது. அதுவும் ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். இந்த வம்பே வேண்டாம் என்பவர்கள் தொழிற்சாலையின் பட்டியலில் இருக்கும் வடிவத்தில் தம் பெயரைப் பொறித்து வாங்கிக்கொள்ளலாம். தவறில்லை, அதை ‘எங்கள் வடிவமைப்பு’ என்று விளம்பரம் செய்யாதவரை.

அசிடேட் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏமாறுவது இங்கேதான். பருத்தி, மரக்கூழ் இவற்றின் செல்லுலோஸிலிருந்து வருவது இது. இதில் பேர்போன மாட்சுக்கெல்லி நிறுவனம் 1849இல் இத்தாலியின் காஸ்திலியோனே ஒலோனாவில் தொடங்கியது. ஆரம்பத்தில் சீப்பும் பொத்தானும் செய்தார்கள். இன்று அவர்களுடைய தகடு சீனத் தொழிற்சாலைகளிலும் கிடைக்கிறது. எனவே ‘இத்தாலியத் தகடு’ என்று சொல்லிவிட்டால் போதாது. வெட்டுவதற்கு முன் தகடு போதிய காலம் ஆற வேண்டும். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற வேண்டும். அவசரப்பட்டு வெட்டிய ஃபிரேம் விற்று மாதங்கள் கழித்துச் சுருங்கும், கோணும்; லென்ஸ் கழன்று விழும். வெட்டிய பிறகு, மரத்துண்டுகளும் மெருகுப் பசையும் நிரம்பிய உருளைகளுக்குள் நாள் கணக்கில் புரள வேண்டும். பளபளப்பு அங்கிருந்து வருகிறது. அவசர ஆர்டர் என்றால் முதலில் வெட்டு விழுவது இந்த நாட்களுக்குத்தான். தொழிற்சாலைக்குப் போனால் வரவேற்பறையில் தேநீர் குடித்துக்கொண்டிருக்காமல் அந்த உருளைகள் எங்கே என்று கேளுங்கள்.

கையில் கிடைக்கும் மாதிரியை வைத்து முடிவு செய்ய முடியாது. அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். அங்குள்ள கைதேர்ந்தவர் பொறுமையாகச் செய்தது. மூன்றாவது ஆர்டர் எப்படி வந்தது என்று அவர்களுடைய பழைய வாடிக்கையாளரிடம் விசாரிப்பது மேல். ஒப்புக்கொண்ட மாதிரியில் இரண்டை முத்திரையிட்டு, ஒன்றை உங்களிடமும் ஒன்றை அவர்களிடமும் வைத்தால் பிற்பாடு வாக்குவாதம் குறையும். ஃபிரேமுக்கான ஐஎஸ்ஓ 12870 தரத்தில், பக்கக் கால்களை 500 முறை மடக்கி விரித்துப் பார்க்கும் சோதனை உண்டு. அதன் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். உலோக ஃபிரேமை ஐரோப்பாவில் விற்பதானால், தோலில் படும் பாகத்திலிருந்து கசியும் நிக்கல் சதுர சென்டிமீட்டருக்கு வாரம் 0.5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது.

எந்த ஊர்? ஷென்செனின் ஹெங்காங் பகுதியில் கண்ணாடித் தொழிற்சாலைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. வேகமும் விலையும் அங்கே. எனக்கு ஈர்ப்பு ஜப்பானின் சபே மீது. சபே அடங்கிய, பனி மூடிய குளிர்காலத்தில் உழவர்களுக்கு வேலையில்லாத ஃபுகுய் பகுதியில், 1905இல் மசுனாகா கொசாயெமோன் ஒசாகாவிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்து இந்தத் தொழிலைப் பழக்கினார். ஜப்பானில் செய்யப்படும் ஃபிரேம்களில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் இன்றும் அந்த வட்டாரத்தில்தான். டைட்டானியம் ஃபிரேமை 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. சபேயில் நீங்கள் ஆர்டர் கொடுத்தால் அது பெரும்பாலும் ஒரே கூரைக்குக் கீழே முடிவதில்லை. கீல் ஒருவர், பற்றவைப்பு ஒருவர், மெருகு ஒருவர் என்று பட்டறை பட்டறையாக நகரும். தாமதமாகும், விலையும் கூடும். ஒரு பட்டறை மூடினால் சங்கிலியே தடுமாறும். அந்த ஊரும் அகோர்டோவின் பாடத்தைப் படித்தது. ஆர்டர்கள் சீனாவுக்கு நகரத் தொடங்கியதும், பிறர் பெயருக்கு உழைத்தது போதும் என்று 291 என்ற சொந்த பிராண்டை உருவாக்கினார்கள். ஜப்பானியத்தில் அந்த எண்களை ‘ஃபு-கு-இ’ என்று வாசிக்கலாம்.

செய்து தருகிறவரை விட்டுப் பிரியும் தலைவலி பெரிய பெயர்களுக்கும் உண்டு. கூச்சியின் உரிமையாளரான கெரிங் நிறுவனம், கண்ணாடித் தொழிலைத் தானே நடத்துவதென்று 2014இல் முடிவெடுத்தது. கூச்சி கண்ணாடிகளைச் செய்து விற்றுவந்த சாஃபிலோவுடனான உரிமத்தை இரண்டு ஆண்டு முன்னதாக, 2016 முடிவில் முறித்துக்கொள்வதற்கு 9 கோடி யூரோ கொடுத்தது. பணம் கொடுத்தும் உறவு ஒரேயடியாக அறுந்துவிடவில்லை. கூச்சி ஃபிரேம்களைத் தொடர்ந்து செய்து தர 2017 முதல் 2020 வரை சாஃபிலோவோடே தனியாக ஒப்பந்தம் போட வேண்டியிருந்தது. சின்ன பிராண்டுக்கு அந்தப் பேரம் பேசும் பலம் இருக்காது. ஆகவே பிரிந்த பிறகு எத்தனை மாதம் உதிரி பாகம் தருவார்கள், அச்சையும் கோப்பையும் எத்தனை நாளில் ஒப்படைப்பார்கள் என்பதை முதல் ஆர்டருக்கு முன்பே, இரு தரப்பும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும்.

(தொடரும்)