ஐப்பசி மழையின் தவளை

மகேந்திர பல்லவன் குடைவித்த அவனிபாஜன பல்லவேசுவரம் என்னும் குடைவரைக் கோயில் விளங்கும் சீயமங்கலத்திலும், கோட்டையைத் தாங்கி நிற்கும் செஞ்சிக் குன்றுகளின் அடிவாரத்திலும், ஐப்பசி அடைமழையில் ஏரிகள் நிரம்பியதும் இரவெல்லாம் தவளைகள் கத்தி ஊரை உறங்கவிடாமல் செய்வது நாம் அறிந்த விஷயமே. நமக்குச் சோறு தரும் அதே வடகிழக்குப் பருவமழையையே இனப்பெருக்க காலமாகக் கொண்ட அபூர்வத் தவளை ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்குச் சரிவில், ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடுகளில் வாழ்கிறது.

ஊதிப் பருத்த கருநீல உடலும், கூரிய மூக்கும், மண்வெட்டிபோல் மண்ணைத் தள்ளும் பின்னங்கால்களும் உடைய இவ்வகைத் தவளை, ஆண்டின் பெரும்பகுதியைப் பூமிக்கடியிலேயே கழித்து, கறையானை ஆகாரமாகக் கொண்டு, இனப்பெருக்கத்திற்காக மட்டும் சில நாட்கள் வெளியே தலைகாட்டுவது. இதன் உறவினமான ஊதாத் தவளையைக் கேரளத்து இடுக்கிப் பகுதியிலிருந்து ஆய்வாளர்கள் பிஜுவும் பொசைட்டும் 2003இல் உலகுக்கு அறிவித்தபோது, அதற்கு நெருங்கிய சொந்தம் இந்தியாவில் எங்குமின்றி, கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில் இருப்பது கண்டு விஞ்ஞானிகள் வியந்தனர்; இரு நிலங்களும் ஆதியில் ஒன்றாயிருந்ததற்கு இத்தவளைகளே சாட்சி. அந்த இனம் தென்மேற்குப் பருவமழையில் முட்டையிடுவது. நம் பக்கத்து இனமோ ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருப்பது. மலைமுகடு ஒன்று மழையைப் பங்கிட்டதில் தவளைக் குலமும் பிரிந்ததெனக் கருத இடமுண்டு. 2017இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட இதற்கு, கோவை சாலிம் அலி மையத்தில் பணியாற்றி, 2014இல் அகத்தியமலைக் கள ஆய்வின்போது விபத்தில் உயிர்நீத்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரைச் சூட்டினர்.

பெற்றோர் மண்ணுக்கடியில் மறைந்து வாழ, அவற்றின் தலைப்பிரட்டைகளோ வெள்ளம் புரளும் ஓடையில் வளர்வது இக்குலத்தின் விசேஷம். அடிப்புறத்து உறிஞ்சுவாயால் ஈரப்பாறையைக் கவ்வி, பிரவாகம் எவ்வளவு வேகமாயினும் பிடி நழுவாமல், பாறைமேல் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று வளர்ந்து, கால் முளைத்ததும் கரையேறி மண்ணுக்குள் புகுந்துவிடுகின்றன. இத்தலைப்பிரட்டைகளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே நூலோர் விவரித்திருந்தும், தாய்த்தவளை இன்னதென்று தெரிய ஏறத்தாழ நூறாண்டு ஆயிற்று!

ஸ்ரீவில்லிபுத்தூர்க் காடு 2021இல் புலிகள் காப்பகமானதால், புலிக்கு வைத்த காவலில் தவளைக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. ஆனால் ஓடையின் குறுக்கே தடுப்பணை எழுப்பி நீரைத் தேக்கிவிட்டால், ஓடும் நீருக்கென்றே அமைந்த அந்த உறிஞ்சுவாய்க்கு அங்கு வேலையில்லாமற் போகும்.